பதினைந்தாம் மாடியின் விளிம்பில்

ஜூன் மாதம் நடுப்பகுதி. பென்சில்வேனியாவின் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில் வெயில் இன்னும் ஏறவில்லை. மார்க்கெட் தெருவில் அலுவலகம் போகிறவர்கள் கைப்பேசியில் முகம் புதைத்து நடக்கிறார்கள். அதே நடைபாதையில் நாலைந்து பேர் மட்டும் தலையை அண்ணாந்து நிற்கிறார்கள். கழுத்தில் பைனாகுலர். கையில் வாக்கி டாக்கி. காலடியில் காற்றுத் துளை போட்ட ஒரு பெட்டி, அதன்மேல் மடித்து வைத்த பழைய துண்டு. அவர்கள் பார்ப்பது ஓர் அரசு அலுவலகத்தின் பதினைந்தாம் மாடி விளிம்பை. அங்கே கோழி அளவில் ஒரு பறவை முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அது பொரி வல்லூற்றின் குஞ்சு. பெரிக்ரின் என்று உலகம் அழைக்கும் இனம். பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் இந்த உலகில் வேறெந்த உயிருக்கும் இல்லை. ஆனால் இந்தக் குஞ்சுக்கு வயது நாற்பது நாள். இன்னும் ஒருமுறைகூடக் காற்றில் காலை எடுத்ததில்லை. உடம்பிலிருந்து வெள்ளைத் தூவி அநேகமாக உதிர்ந்துவிட்டது. உச்சந்தலையில் மட்டும் ஒரு கொத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே பார்க்கிறது. எதிர்க் கட்டடத்தைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளக்கிறது. பிறகு இறக்கையை விரித்து வேகமாக அடிக்கிறது. கால்கள் விளிம்பைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி மறுபடி பதிகின்றன. கீழே நிற்பவர்கள் இதை ‘ஹெலிகாப்டர்’ என்பார்கள். குஞ்சு ஹெலிகாப்டர் அடிக்கத் தொடங்கிவிட்டால் அதன்பின் யாரும் நிம்மதியாகக் காபி குடிக்கப் போவதில்லை.

ஆண் குஞ்சுதான் பெரும்பாலும் முதலில் கிளம்பும். பெண் அதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரியது. அந்த எடைக்கேற்ற சிறகு வளர இன்னும் சில நாள் பிடிக்கும். கிளம்பும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. மணிக்கணக்கில் விளிம்பில் நின்று யோசித்துவிட்டுத் தூங்கப் போகும் குஞ்சு உண்டு. காற்று ஒருமுறை பலமாக வீச, தான் கேட்காமலே வானத்துக்கு வந்துவிட்ட குஞ்சும் உண்டு.

மலைமுகட்டில் இது நடந்தால் பெரிய ஆபத்தில்லை. முதல் பறத்தல் தடுமாறினாலும் கீழே சரிவு இருக்கிறது, புதர் இருக்கிறது, பிடித்துக்கொள்ள அடுத்த பாறை இருக்கிறது. மலைக்காற்று கீழிருந்து மேலே தூக்கிக் கொடுக்கும். நகரத்தில் மலை மட்டும் இருக்கிறது, மலையின் கருணை இல்லை. கண்ணாடிச் சுவரில் தெரியும் வானம் வானம் அல்ல என்று நாற்பது நாள் குஞ்சுக்கு யார் சொல்வது? புகைபோக்கிக்குள் இறங்கிவிட்டால் ஏறி வர முடியாது. எல்லாவற்றிலும் மோசமானது தரை. பறக்கப் பழகாத இறக்கைக்குச் சமதரையிலிருந்து எழும்பி உயரம் பிடிக்கும் பலம் கிடையாது. சாலை நடுவில் இறங்கிய குஞ்சு பேந்தப் பேந்த விழித்தபடி அங்கேயே நிற்கும். பேருந்து வரும்.

அந்தப் பேருந்துக்கும் அந்தக் குஞ்சுக்கும் இடையில் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்த நாலைந்து பேர். ஹாரிஸ்பர்க்கில் இந்தப் பணிக்குக் கவனிப்பும் மீட்பும் என்று பொருள்படும் பெயர். ராச்செஸ்டர், பிட்ஸ்பர்க், கனடாவின் ஹாமில்டன், டொரான்டோ என்று வல்லூறு கூடு வைத்த ஊர்களிலெல்லாம் ‘ஃபிளெட்ஜ் வாட்ச்’ என்ற பெயர் புழங்குகிறது. சிறகு முற்றிய குஞ்சு கூட்டைவிட்டுக் கிளம்பும் நாட்களின் காவல். வருபவர்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம். மதிய உணவு இடைவேளையில் சாண்ட்விச்சோடு ஓடி வரும் அலுவலர்களும் உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது.

ஹாரிஸ்பர்க்கின் அந்தக் கட்டடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. ரேச்சல் கார்சன் மாநில அலுவலகக் கட்டடம். மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை இயங்குவது அதில்தான். கார்சன் இதே பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க்குக்கு அருகில் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் 1907 மே 27 அன்று பிறந்தவர். 1962-ல் அவர் எழுதிய ‘மௌன வசந்தம்’ நூல் டி.டி.டி.யையும் அதன் உறவுப் பூச்சிக்கொல்லிகளையும் உலகத்தின் முன் கேள்விக்கு நிறுத்தியது. அவருடைய பெயரைத் தாங்கிய சுவரில், அவருடைய பிறந்தநாள் வரும் மே மாதக் கடைசியில், வல்லூற்றுக் குஞ்சுகள் தூவி உதிர்த்துக்கொண்டிருக்கும். கூடு வைக்க இடம் தேடிய பறவைக்கு அந்தப் பெயர்ப்பலகை தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் தெரிந்தவர்கள் அதன் கீழே நிற்கும்போது மனதுக்குள் ஏதோ ஒன்று கூடி வருகிறது. எழுத்து ஒன்று பறவையாகித் திரும்பி வந்ததுபோல.

அந்தப் பறவை எப்படி இல்லாமல் போயிற்று என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும்.

1960 வாக்கில் பிரிட்டனில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் அரசிடம் ஒரு முறையீட்டோடு போனார்கள். வல்லூறுகள் பெருகிவிட்டன, எங்கள் புறாக்களை வேட்டையாடித் தீர்க்கின்றன, அவற்றுக்கான சட்டப் பாதுகாப்பை எடுத்துவிடுங்கள் என்பது கோரிக்கை. அதற்கு முன்மாதிரியும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்களிலிருந்து செய்தி கொண்டுவரும் புறாக்களைக் காக்க வேண்டி, பிரிட்டிஷ் அரசே ஆணையிட்டு ஏறக்குறைய 600 வல்லூறுகளைக் கொன்றிருந்தது. இம்முறை அரசு முதலில் எண்ணிப் பார்க்கச் சொன்னது. எண்ணும் பொறுப்பு டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கையாளரிடம் வந்தது. பெருகிவிட்டதாகச் சொல்லப்பட்ட பறவையைத் தேடிப் பாறை பாறையாக ஏறியவர்கள் கண்டது வெறும் கூடுகளை. சில ஆண்டுகளுக்குள் அந்த இனம் போருக்கு முன்பிருந்த அளவில் பாதிக்கும் கீழே வந்துவிட்டிருந்தது. கொல்ல அனுமதி கேட்டவர்களின் மனுதான் அழிவை அம்பலப்படுத்தியது.

கூடுகளில் உடைந்த முட்டைகள் கிடந்தன. ஏன் உடைகின்றன? விடை கிடைத்த இடம் விசித்திரமானது. அந்தக் காலத்து முட்டை சேகரிப்பாளர்கள் கூடுகளைத் திருடி, முட்டைகளைத் துளையிட்டு உள்ளீட்டை ஊதி வெளியேற்றி, தேதி எழுதி அலமாரிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். பறவைக்குப் பெருந்தீங்கு செய்த பொழுதுபோக்கு அது. அந்த அலமாரிகளைத் திறந்து ராட்கிளிஃப் ஓடுகளை எடை போட்டார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடுகள் திடீரென்று மெலிந்திருந்தன. டி.டி.டி. வயலுக்கும் தோட்டத்துக்கும் வந்த காலமும் அதுவே. 1967-ல் அவர் அதை வெளியிட்டார். பூச்சி தின்ற சிறு பறவை, சிறு பறவையைத் தின்ற வல்லூறு என்று நஞ்சு படிப்படியாகத் திரண்டு மேலேறி, தாயின் உடலில் ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேர்வதைக் கெடுத்திருந்தது. முட்டையை அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையே முட்டையை நொறுக்கியது. அடைகாத்தலே கொலையாகிப்போன அந்தக் கூட்டை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

தமிழ்நாட்டில் மூத்த தலைமுறைக்கு டி.டி.டி. வேறொரு நினைவு. மலேரியா ஒழிப்பு ஊழியர்கள் பம்பும் வாளியுமாக வந்து வீட்டுச் சுவர்களில் அடித்துவிட்டுப் போன வெள்ளைத் தடம். அந்த மருந்து எத்தனையோ குழந்தைகளைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியது. அதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் சுவருக்கு அடித்த மருந்து வேறு, விமானத்திலிருந்து காட்டின்மேலும் வயலின்மேலும் கொட்டிய மருந்து வேறு. கார்சன் எழுதியது இரண்டாவதைப் பற்றி.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 1964-ல் நாட்டின் கிழக்குப் பகுதியில் முன்பு வல்லூறு வாழ்ந்ததாகப் பதிவான 133 கூட்டிடங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றில்கூடப் பறவை இல்லை. 133-ல் ஒன்றுகூட இல்லை என்பது குறைவு என்ற சொல்லுக்குள் அடங்காது.

1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. தடை நஞ்சை நிறுத்தும். இல்லாமல் போன பறவையைக் கொண்டுவராது. அந்த வேலையை டாம் கேட் என்ற பறவையியலாளர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். 1970-ல் அவர் நிறுவிய பெரிக்ரின் ஃபண்ட் அமைப்புக்கு ஆரம்பத்தில் தோள்கொடுத்தவர்கள் வல்லூறு வளர்த்து வேட்டைக்குப் பழக்குபவர்கள். பறவையைச் சிறையில் வைப்பவர்கள் என்று அவர்கள்மேல் சொல்லப்பட்டு வந்த குறைக்கு அது ஒரு பதில். அவர்கள் கையில் மிச்சமிருந்த பறவைகளும், தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கு வந்த பழக்கும் கலையும் இல்லாவிட்டால் எங்கிருந்து தொடங்கியிருப்பது? 1973-ல் கார்னெலின் கொட்டகையில் 20 குஞ்சுகள் வளர்ந்தன. அடுத்த ஆண்டிலிருந்து அவற்றை வெளியில் விடத் தொடங்கினார்கள்.

விட்ட முறையும் அந்தக் கலையிலிருந்து வந்ததே. பறக்கும் வயதுக்குச் சற்று முன் குஞ்சுகளைப் பாறை உச்சியிலோ கோபுரத்திலோ ஒரு பெட்டியில் வைப்பார்கள். குழாய் வழியாகக் காடை இறைச்சி உள்ளே விழும். போடுகிற மனிதக் கை குஞ்சின் கண்ணில் படக் கூடாது. பட்டால் அது மனிதனைத் தாயாக எண்ணிவிடும். ஒருநாள் பெட்டியின் கம்பியைத் திறப்பார்கள். குஞ்சுகள் தாமே வெளியே வந்து, தாமே பறந்து, பசித்தால் திரும்பி வந்து தின்று, மெல்ல மெல்ல வேட்டை கற்றுப் பிரிந்துபோகும். அருகே வாரக்கணக்கில் கூடாரமடித்துத் தங்கிக் கணக்கெடுத்தவர்கள் பெரும்பாலும் இளம் மாணவர்கள். இன்று நடைபாதையில் பைனாகுலரோடு நிற்கும் தன்னார்வலரின் முன்னோர் அவர்கள்தான்.

பறவையை நகரத்துக்குக் கூட்டி வந்ததில் ஆந்தைக்கும் பங்குண்டு. பழைய மலைமுகடுகளில் விட்ட குஞ்சுகளைக் கொம்பன் ஆந்தைகள் இரவில் வந்து கொன்றன. விரட்டத் தாய்ப்பறவை இல்லை. நகரத்தின் உயர்ந்த கட்டடங்களில் ஆந்தைத் தொல்லை குறைவு, புறாவுக்குப் பஞ்சமில்லை. மினசோட்டாவில் ஹாரிசன் டோர்டாஃப், பாட்ரிக் ரெடிக் போன்றவர்கள் 1980-களில் கட்டடங்களின் உச்சியிலிருந்து குஞ்சுகளை விட்டார்கள். அதற்கும் முன்பே மான்ட்ரியலில் சன் லைஃப் கட்டடத்தில் 1940 முதல் 1952 வரை ஒரு பெண் வல்லூறு தன் விருப்பத்துக்கு வாழ்ந்து குஞ்சு பொரித்திருந்தது. அந்த மனிதக் குன்றை முதலில் கண்டுபிடித்தது பறவைதான்.

பால்டிமோரின் ஸ்கார்லெட்டையும் சொல்லாமல் விட முடியாது. மனிதப் பராமரிப்பில் பிறந்து வெளியில் விடப்பட்ட அந்தப் பெண் பறவை 1970-களின் இறுதியில் நகரின் உயர்ந்த கட்டடம் ஒன்றில், 33-ஆம் மாடியில் குடியேறியது. துணையாக மனிதர் கொண்டுவந்து விட்ட ஆண்கள் எதுவும் நிலைக்கவில்லை. ஸ்கார்லெட்டின் முட்டைகள் பொரிக்கவில்லை. அதன் கூட்டில் கார்னெலின் குஞ்சுகளை வைத்தார்கள். தன் குஞ்சாகவே எண்ணி வளர்த்துப் பறக்கவிட்டது. கடைசியில் 1984-ல் காட்டிலிருந்து தானே வந்த ஓர் ஆணோடு சேர்ந்து சொந்தக் குஞ்சுகளைப் பொரித்தது. அதே ஆண்டு இறந்துபோனது.

வட அமெரிக்காவில் இப்படி விடப்பட்ட பறவைகள் மொத்தம் 6,000-க்கும் மேல். 1999 ஆகஸ்டில் அமெரிக்கா தன் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து இந்தப் பறவையின் பெயரை நீக்கியது. பெட்டிகள் இறங்கின. குழாய் வழி இறைச்சி நின்றது. குஞ்சுக்குச் சோறூட்டவும் பறக்கக் கற்றுக்கொடுக்கவும் இப்போது அதன் சொந்தத் தாய் தந்தை இருக்கின்றன. மனிதனுக்கு மிச்சமிருப்பது நடைபாதை மட்டும்.

அந்த நடைபாதை வேலை வெளியிலிருந்து பார்க்கச் சும்மா நிற்பதுபோல் இருக்கும். பிட்ஸ்பர்க்கில் ‘கதீட்ரல் ஆஃப் லேர்னிங்’ என்ற 42 மாடிப் பல்கலைக்கழகக் கோபுரம் இருக்கிறது. பெயரில் பேராலயம், உள்ளே வகுப்பறைகள். அதன் 40-ஆம் மாடியில் கூடு. எதிரே ஷென்லி பிளாசா என்ற திறந்தவெளி. ஜூன் தொடக்கத்தில் அங்கே மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்பவர்களுக்கு முதல் பாடம் எண்ணுவது. நான்கு குஞ்சு என்றால் நான்கும் இந்த நிமிடம் எங்கே? கூட்டில் இரண்டு, மேல் விளிம்பில் ஒன்று, நான்காவது எங்கே? இந்த ஒரு கேள்விதான் நாள் முழுவதும். கண்ணை எடுத்து ஒருமுறை தும்மினால் கணக்கு தவறிவிடும்.

இரண்டாம் பாடம் கேட்பது. பெற்றோரின் குரல் மாறுவதை வைத்தே குஞ்சு கிளம்பியதைச் சொல்லிவிடுவார்கள் பழகியவர்கள். மூன்றாவது, புறாவைக் கவனிப்பது. ஒரு கூட்டம் புறா காரணமில்லாமல் குபீரென்று கிளம்பி வட்டமடித்தால் காரணம் மேலே எங்கோ இருக்கிறது. ராச்செஸ்டரில் ஆட்களைக் கட்டடத்தின் நாலாபுறமும் பிரித்து நிறுத்திக்கொள்வார்கள். ஒரு மூலையில் நிற்பவரின் பார்வையிலிருந்து குஞ்சு மறைந்ததும் வாக்கி டாக்கியில் அடுத்த மூலைக்குச் சொல்ல வேண்டும். குஞ்சு ஒன்று, பார்க்கும் கண் பல. ஹாமில்டனில் ஷெரட்டன் விடுதியின் விளிம்பில் 1995 முதல் கூடு. அங்கேயும் பறக்கும் பருவத்தில் விடிகாலையிலிருந்து இருட்டும்வரை முறை வைத்து நிற்கிறார்கள்.

நான்காம் பாடமே கடினமானது. தொடாதே. குஞ்சு தாழ்வான ஒரு கைப்பிடிச் சுவரில் இறங்கி, பரிதாபமாகக் கத்திக்கொண்டிருக்கலாம். மழையில் நனைந்து நடுங்கலாம். மேலே தாய் இரையோடு பறந்து காட்டி, கொடுக்காமல் திரும்பிப் போகலாம். பார்ப்பவர் மனது பதறும். ஆனால் அந்தத் தாய் கொடுக்காமல் போவதுதான் பள்ளிக்கூடம். கூட்டில் உட்கார்ந்தபடியே இரை கிடைத்த காலம் முடிந்தது, வந்து வாங்கிக்கொள் என்கிறது. நடுவில் புகுந்து தூக்கும் அன்பு அந்தப் பாடத்தைக் கெடுத்துவிடும். ஆகவே குஞ்சு தரையைத் தொடும்வரை, சாலையின் விளிம்புக்கு வரும்வரை, கண்ணாடியில் மோதிச் சரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணில் அவ்வளவு விழிப்பு, கையில் அவ்வளவு அடக்கம். இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்கும் வேலை உலகத்தில் அதிகமில்லை.

தரையைத் தொட்டுவிட்டால் எல்லாம் நொடியில் நடக்கும். ஒருவர் வண்டிகளை நிறுத்தக் கையை உயர்த்துவார். பயிற்சி பெற்ற ஒருவர் துண்டை விரித்துக் குஞ்சின்மேல் போட்டு, இறக்கையை உடம்போடு அணைத்துத் தூக்குவார். இருள் கவிந்ததும் குஞ்சு அடங்கிவிடும். பெட்டிக்குள் வைத்து மூடி, வனவிலங்குத் துறையிடமோ காயம்பட்ட பறவைகளைப் பேணும் நிலையத்திடமோ சேர்ப்பார்கள். எலும்பு முறியவில்லை என்று உறுதியானால் அன்றைக்கோ மறுநாளோ கூட்டுக்குப் பக்கத்துக் கூரையில் கொண்டுபோய் வைப்பார்கள். விடுவதில்லை, எறிவதில்லை, பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிட்டுப் பின்வாங்குவார்கள். வைக்கப் போகிறவர் தலையில் கடினத் தொப்பி இருக்கும். தாய்க்கு உதவிக்கு வந்தவரென்றும் திருட வந்தவரென்றும் வேறுபாடு கிடையாது. கத்திக்கொண்டே மேலிருந்து பாயும். அந்தப் பாய்ச்சலில் யாருக்கும் கோபம் வருவதில்லை. அது நன்றி சொல்லாத பறவையாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும்.

எல்லாக் குஞ்சும் பிழைப்பதில்லை. கண்ணாடியில் மோதி அந்த இடத்திலேயே போவது உண்டு. கண்ணெதிரே வண்டியில் அடிபடுவது உண்டு. முதல் வாரத்தைத் தாண்டியவற்றிலும் ஏறக்குறைய பாதி முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. காட்டிலும் அப்படித்தான். ஒரு இனத்தின் மொத்தக் கணக்கில் இந்த ஒரு குஞ்சு எதையும் மாற்றாது என்று சொல்லும் அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். கணக்கில் அவர்கள் சொல்வது சரி. பறவை பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. ஒரு ஜூன் மாதக் காவல் நின்றுபோனால் இனம் அழிந்துவிடாது.

ஆனால் அந்தக் குஞ்சு காற்றால் சாகவில்லை, ஆந்தையால் சாகவில்லை. நாம் நிறுத்திய கண்ணாடியில், நாம் ஓட்டிய வண்டியில் சாகிறது. அதன் பாட்டியின் பாட்டி முட்டையை நொறுக்கியதும் நாம் கொட்டிய நஞ்சு. கூட்டல் கழித்தலுக்குள் வராத ஒரு கடன் இது. அதை ஒரு துண்டையும் ஒரு பெட்டியையும் வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத ஒரு சிறு கூட்டம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறது. அப்படித்தான் இதைப் பார்க்கத் தோன்றுகிறது. கழுத்து வலியோடு அவர்கள் அங்கே நிற்பதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

புறாவின் நியாயம் ஒன்று மிச்சமிருக்கிறது. வல்லூற்றிடமிருந்து புறாவைக் காக்கத் தன் தசையை அரிந்து தராசில் வைத்த சிபியின் வழிவந்தவர்கள் என்று சோழர்கள் தம்மைச் சொல்லிக்கொண்டார்கள். செம்பியன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். அந்தக் கதையில் நாம் எப்போதும் புறாவின் பக்கம் நின்றே கேட்டிருக்கிறோம். ஆனால் சிபி வல்லூற்றை விரட்டவில்லை. உன் பசியும் நியாயமே என்று ஏற்றுக்கொண்டதால்தான் கத்தியை எடுக்க வேண்டி வந்தது. நடைபாதைக் காவலர்களுக்கும் அந்தத் தராசு தெரியும். மேலிருந்து புறாவின் இறகுகள் அவர்கள் தோளில் உதிர்ந்து விழும் வேலை இது.

தமிழ் அந்தப் புறாவுக்கு வைத்த பெயர் மாடப்புறா. பாறை இடுக்கில் வாழ்ந்த பறவை மாடத்துக்கு வந்ததைப் பெயரிலேயே குறித்துவைத்த மொழி. மாடம் புறாவுக்குப் பாறையானால் புறாவைத் தேடி வருவதற்கும் அது பாறைதான். இங்கிலாந்தின் டார்பி நகரில் 16-ஆம் நூற்றாண்டுப் பேராலயக் கோபுரத்தில் 2006-ல் வல்லூற்றுக்கு ஒரு மேடை கட்டினார்கள். கீழே புல்வெளியில் தன்னார்வலர்கள் தொலைநோக்கிகளை நிறுத்தி, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். அந்தக் கூட்டிலிருந்து விழுந்த இறகுகளையும் எலும்புகளையும் பொறுக்கி ஆராய்ந்தபோது, பகலில் அகப்படாத பறவைகள் தெரியவந்தன. இரவில் வலசை போகும் காட்டு உள்ளானும் நீர்க்கோழி இனங்களும். தெருவிளக்கின் ஒளி அவற்றின் வயிற்றில் பட்டு மின்ன, கோபுரத்தில் விழித்திருந்த வல்லூறு இருட்டில் வேட்டையாடியிருக்கிறது. பகல் வேட்டைப் பறவை என்று புத்தகங்கள் எழுதியதை நகர விளக்கு திருத்திவிட்டது.

முதல் பறத்தல் முடிந்த இரண்டு மூன்று வாரங்களில் காட்சி மாறிவிடும். குஞ்சுகள் ஒன்றையொன்று துரத்தும், தலைகீழாய்ப் புரளும், காற்றிலேயே காலோடு கால் கோக்கும். தந்தை இரையை உயரத்திலிருந்து நழுவவிடும். குஞ்சு பாய்ந்து பிடிக்க வேண்டும். தவறவிட்டால் தந்தை தானே கீழே பாய்ந்து பிடித்து மறுபடி மேலே கொண்டுபோகும். மறுபடி நழுவவிடும். இந்தப் பொறுமைக்கு முன்னால் கீழே நிற்பவர்கள் பேச்சில்லாமல் நிற்பார்கள். இப்போது பெட்டிக்கு வேலையில்லை. காவல் முறையில் ஆட்கள் குறைவார்கள். ஆனாலும் சிலர் வந்துகொண்டிருப்பார்கள், பார்க்க மட்டும்.

கோடை கழியும்போது குஞ்சுகள் போய்விடும். பெரிக்ரின் என்ற சொல்லுக்கே ஊர்விட்டு ஊர் போகிறவன் என்று பொருள். எங்கே போயின என்பதற்கு ஒரே தடயம் மூன்று வார வயதில் காலில் மாட்டிய வளையத்தின் எண். அந்த எண்ணை வேறொரு ஊரில், வேறொரு நடைபாதையில், இதேபோல அண்ணாந்து நிற்கும் ஒருவர் தொலைநோக்கியில் படிக்க வேண்டும். படித்தால் செய்தி வரும். பல குஞ்சுகளுக்கு அது வருவதே இல்லை.

பிட்ஸ்பர்க் கோபுரத்தில் பல ஆண்டுகள் குஞ்சு பொரித்த டாரதி என்ற பறவை 1999-ல் மில்வாக்கி நகரக் கட்டடம் ஒன்றில் பிறந்தது. வளையம் சொன்ன சேதி அது. டாரதியின் 2007-ஆம் ஆண்டுக் குஞ்சுகளில் ஒன்று பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பிக் காணாமல் போயிற்று. பின்னால் ராச்செஸ்டரில் ஒரு பெண் வல்லூற்றின் காலை அங்கிருந்தவர்கள் படித்தார்கள். எண் பொருந்தியது. அதற்குள் அவர்கள் அதற்கு பியூட்டி என்று பெயரும் வைத்துவிட்டிருந்தார்கள். ராச்செஸ்டரின் டைம்ஸ் ஸ்கொயர் கட்டடத்தின் உச்சியில் அலுமினியத்தில் செய்த நான்கு பெரிய இறக்கைகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அவற்றின் கீழே கூட்டுப்பெட்டி. ஜூன் வந்ததும் பியூட்டியின் குஞ்சுகள் அந்த விளிம்பில் வரிசையாக நின்று இறக்கை அடித்துப் பார்த்தன. தெருவில் நாலாபுறமும் ஆட்கள் பிரிந்து நின்றார்கள்.